மரகதத்தின் கல்யாணக் கேசட்

1

போன சனிக்கிழமை எங்கள் மகள் நித்யாவுக்கு ஏழு வயது முடிந்தது. பள்ளித் தோழிகள் ஆறு பேர் வந்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்புறம் ஒரு புல்தரை உண்டு. அங்கே மேசை போட்டு, பலூன் கட்டி, கேசரியும் கேக்கும் உருளைக்கிழங்கு போண்டாவும் வைத்தேன். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுக் குழந்தைகளைக் கூப்பிட்டேன். ஓடி வந்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் காதில் ஏதோ சொன்னாள். அவள் சிரித்தாள். பிறகு ஆறு பேரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் சிரித்தார்கள். நித்யாவும் சிரித்தாள்.

"என்ன கண்ணு, அம்மாவுக்கும் சொல்லு" என்றேன்.

"நத்திங், அம்மா" என்றாள்.

குழந்தைகள் சிரிப்பில் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். ஆனால் பாத்திரம் கழுவும்போது அந்த 'நத்திங்' விடாமல் மண்டையில் ஓடியது. இந்த ஊருக்கு வந்த ஆறு வருஷத்தில் நான் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சூலூர் மரகதம் நினைப்பு வரும். அன்றைக்கும் வந்தது. அவளைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்கு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம்.

2

முதலில் இங்கே என் பிழைப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

சுரங்கங்களை அளந்து வரைபடம் போடும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. பூமிக்கு அடியில் குகை எப்படிப் போகிறது, எங்கே கிளை பிரிகிறது என்பதைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படமாகக் காட்ட வேண்டும். அந்தப் படத்தில் ஒவ்வொரு குகைக்கும் பெயர் எழுதுவது என் பொறுப்பு. அதற்கு ஒரு நிரல் இருக்கிறது. பொத்தான், படம் எதுவும் அதில் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி அடிக்க வேண்டும்: நிரலின் பெயர், எழுத்துக்களின் வடிவம் இருக்கும் கோப்பு, எழுத வேண்டிய சொல், எவ்வளவு உயரம், எவ்வளவு கனம். என்டரைத் தட்டினால் அந்தச் சொல் கோடுகளாகவும் வளைவுகளாகவும் மாறி ஒரு கோப்பில் வந்து உட்காரும். அது புகைப்படம் மாதிரிப் புள்ளிகளால் ஆனதல்ல. இங்கிருந்து இங்கே ஒரு கோடு, அங்கிருந்து ஒரு வளைவு என்கிற கணக்கு மட்டும்தான். அதனால் எத்தனை பெரிதாக்கினாலும் உடையாது. எந்தப் பக்கமிருந்தும் பார்க்கலாம், சுற்றலாம், பின்னால் போய் நிற்கலாம்.

வேலையில் சேர்ந்த அன்றைக்கே அதைத் தடுமாறாமல் செய்தேன். "எங்கே கற்றுக்கொண்டாய்?" என்று பக்கத்து மேசை ஹெலன் கேட்டாள். "கோயமுத்தூரில், கல்யாணக் கேசட்டுக்கு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கு விளக்கத் தெரியவில்லை.

வேலை வந்தது, பேச்சு வரவில்லை. முதல் வாரம் சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு, நம் ஊர் வழக்கப்படி ஹெலனிடம் "வாரேன்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனேன். மறுநாள்தான் தெரிந்தது, திரும்பி வருவேன் என்று அவள் வெகுநேரம் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் எனக்கும் இடம் இருந்தது. மற்றபடி கூட்டத்தில் எல்லாரும் சிரிக்கும்போது, என்னவென்று கேட்டால் "நத்திங்" என்பார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. மறுபடி சொல்ல அலுப்பு, அவ்வளவுதான்.

குடியேற்ற அலுவலகத்தில் நடந்ததுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. விசா நீட்டிப்புக்காக நானும் வீட்டுக்காரரும் போயிருந்தோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் என் அப்பா பெயரை என் பெயர் என்று எழுதிக்கொண்டாள். நான் திருத்தினேன். அவளுக்கு என் உச்சரிப்பு பிடிபடவில்லை. இரண்டாம் தடவை சொன்னேன். அவள் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "இவங்களுக்கு இங்கிலீஷ் புரியுமா?" என்று கேட்டாள். நான் அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். இவர் பதில் சொன்னார். அதற்கப்புறம் அந்த ஜன்னலில் எனக்குப் பேச்சே இல்லை. என்னைப் பற்றிய கேள்வி எல்லாம் இவருக்குப் போனது.

3

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் ஒரு மாடியில் சலீம் அண்ணனின் வீடியோ கடை இருந்தது. கோட்டைமேட்டுக்காரர். கல்யாணம், காதுகுத்து, புதுமனை எல்லாவற்றுக்கும் ஆள் அனுப்பிப் படம் எடுத்து, வெட்டி ஒட்டிக் கேசட்டாகக் கொடுப்பார். நான் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு மேட்டுப்பாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன். எழுத்துப் போடுவது என் வேலை. மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் தங்க நிறத்தில் கனமான எழுத்தாகச் சுழன்று வந்து நிற்க வேண்டும். எல்லாம் இங்கிலீஷில்தான். எங்களிடம் இருந்த நிரலுக்கு வேறு மொழி தெரியாது.

ஒரு காலை நேரம் சூலூரில் தறி ஓட்டும் பழனிச்சாமி என்பவர் மகளைக் கூட்டிக்கொண்டு படியேறி வந்தார். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. மாப்பிள்ளை வீடு தாராபுரம் பக்கம்.

"ஏனுங்க அம்மணி, இந்தப் பொட்டியில தமிழ் வருமுங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"இங்கிலீஷ்தானுங்க வரும். பேரு மட்டும்தானே, இங்கிலீஷ்லயே நல்லா இருக்குங்க" என்றேன்.

"பேரு மட்டுமில்லீங்க" என்று மகளைத் திரும்பிப் பார்த்தார். "புள்ளைக்குக் காது கேக்காதுங்க. பொறந்ததுல இருந்தே. கேசட்டுல பாட்டுப் போட்டு இவளுக்கு என்னங்க ஆகப்போகுது? ஆரு என்ன பேசுனாங்கன்னு எழுத்தாப் போடச் சொல்றா. தமிழ்தான் படிப்பா."

மரகதம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசும்போது என் உதட்டை, அப்பா பேசும்போது அவர் உதட்டை. கையில் ஒரு சின்னப் பேடு வைத்திருந்தாள். அதில் எழுதி என்னிடம் நீட்டினாள்: "மத்த பொண்ணுங்களுக்கு வர்ற மாதிரி எம் பேரும் சுத்தி வரோணும். தமிழ்ல."

சலீம் அண்ணன் என்னைப் பார்த்தார். "முடியுமாம்மா?"

"தெரியலைங்கண்ணா. எழுத்து வடிவத்தை நாமளே செஞ்சு கொடுத்தா அந்த நிரல் எடுத்துக்கும். செஞ்சு பாக்கோணும்."

"அப்பச் செய்யி" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

4

கிராஃப் தாளில் எழுத்துக்களை வரைந்தேன். ஒவ்வொரு வளைவும் எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்று பார்த்து அந்த எண்களை அடித்தேன். எல்லா எழுத்தையும் தனித்தனியாகச் செய்ய வேண்டியதில்லை. தமிழ் டைப்ரைட்டரில் கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி. அதே மாதிரிப் பிரித்துக்கொண்டேன். எந்தத் துண்டுக்கு எந்தச் சாவி என்பதையும் டைப்ரைட்டரைப் பார்த்தே வைத்தேன். அதைச் சொன்னதும் மரகதத்துக்கு ஒரே சந்தோஷம். அவள் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ். என்னைவிட வேகமாக அடிப்பாள். கல்யாண வேலைகளுக்கு நடுவில் ஜவுளி வாங்க, நகை வாங்க என்று கோயமுத்தூர் வரும்போதெல்லாம் அப்பாவை இழுத்துக்கொண்டு மாடிக்கு வந்துவிடுவாள்.

சேர்ந்து செய்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் எழுந்து நின்ற 'மரகதம்' பார்க்கச் சகிக்கவில்லை. 'க'வின் வயிற்றில் இருக்கும் ஓட்டை அடைத்துக்கொண்டு, எழுத்து புளி உருண்டை மாதிரி இருந்தது. உள்கோட்டை எதிர்த் திசையில் வரைந்தால்தான் நிரல் அதை ஓட்டை என்று எடுத்துக்கொள்ளும் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. பிறகு சுற்றவிட்டோம். எழுத்தெல்லாம் சுழன்றுகொண்டு போனது, கடைசி 'ம்' மேல் இருந்த புள்ளி மட்டும் அந்தரத்தில் அதே இடத்தில் நின்று தனக்குத்தானே சுற்றிக்கொண்டிருந்தது. மரகதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பேடில் எழுதினாள்: "எம் புள்ளிக்குக் கல்யாணம் பண்ணிக்க இஷ்டம் இல்லையாட்ட இருக்குது."

"உனக்கு இஷ்டம்தானே?" என்று கேட்டேன்.

யோசித்து எழுதினாள்: "அவரு நல்லவரு. பொண்ணு பாக்க வந்தப்ப எங்கிட்டயே பேசுனாரு. அப்பாகிட்டப் பேசலை."

கரண்ட் போகும். ஒரு நொடிக் காட்சிக்கு எத்தனையோ படங்களை அந்தக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாக வரைய வேண்டும். பாதியில் கரண்ட் போனால் மறுபடி தொடக்கத்திலிருந்து. பெயர்களை மட்டும் கனமாக, சுழலும்படிச் செய்வது என்றும், பேச்சுக்களை அதே எழுத்துக்களில் கனமில்லாமல் தட்டையாகப் படத்தின் அடியில் ஏற்றுவது என்றும் முடிவு செய்தோம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் 'மரகதம் - ஈஸ்வரன்' என்று புள்ளியெல்லாம் ஒழுங்காகச் சேர்ந்து, மினுமினுத்துக்கொண்டு சுழன்று வந்து நின்றது. அவள் திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

5

கல்யாணம் தாராபுரத்தில் நடந்தது. முடிந்து கேசட் வந்ததும் நானும் சலீம் அண்ணனும் உட்கார்ந்து ஒவ்வொரு பேச்சாகக் கேட்டு எழுதினோம். காதுள்ளவர்கள் கல்யாண வீட்டில் எவ்வளவு குப்பையைக் கேட்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. "பந்திக்கு எலை பத்தலைங்க", "அந்த லைட்டுக்காரனை நவுரச் சொல்லு", "மாப்பளை வேர்த்து ஊத்தறான் பாரு." எல்லாவற்றையும் ஏற்றினோம். மரகதம் அப்படித்தான் கேட்டிருந்தாள்.

ஆசீர்வாதம் நடக்கும் இடத்தில் மாப்பிள்ளையின் அத்தை நாச்சம்மாள் வந்தார். தாயில்லாத ஈஸ்வரனை வளர்த்தவர். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். மணமேடை ஏறும் முன் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ஒன்று சொன்னார். காமிராவின் மைக் அதைப் பிடித்துவிட்டது.

"கூப்புட்டாக் கேக்காதவளைக் கட்டியாச்சு. இனி நம்மூட்டுல செவுத்துகிட்டத்தான் பேசோணும்."

சொல்லிவிட்டு மேடை ஏறி, அரிசி தூவி, மரகதத்தின் கன்னத்தை வழித்து, "நல்லா இரு கண்ணு" என்றார்.

சலீம் அண்ணன் டேப்பை நிறுத்தினார். "இது வேண்டாம்மா. நல்ல காரியத்துல இது எதுக்கு?" எனக்கும் அப்படித்தான் பட்டது. 'நல்லா இரு கண்ணு' மட்டும் ஏற்றினோம்.

மறுவீட்டுக்குச் சூலூர் வந்திருந்தபோது மரகதம் அப்பாவுடன் கேசட்டைப் பார்க்க வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டும் அப்பா தொடையைத் தட்டிக் காட்டிக்கொண்டும் பார்த்தாள். நாச்சம்மாள் வந்த இடத்தில் கை தூக்கினாள். பின்னால் ஓட்டச் சொன்னாள். மறுபடியும் ஓட்டச் சொன்னாள். எழுந்து போய் டிவியில் நாச்சம்மாளின் வாயைத் தொட்டுக் காட்டினாள். பேடில் எழுதினாள்: "வாய் அசையுது. எழுத்து வரலை."

நான் அவள் முகத்தைப் பார்த்து, "ஒன்னுமில்லை, சும்மா பேசறாங்க" என்றேன்.

"சும்மான்னா என்ன?" என்று எழுதினாள். அதன் கீழே, "செவுரா?"

டிவியில் அவ்வளவு தூரம் உதட்டைப் படித்துவிட்டிருந்தாள். பழனிச்சாமிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "உடு கண்ணு, பெரியவங்க ஏதோ பேசியிருப்பாங்க" என்றார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. எழுதினாள்: "நல்லது சொன்னா எல்லாரும் எனக்கு எழுதிக் காட்டறீங்க. கெட்டது சொன்னா மறைச்சுப்போடறீங்க. அங்க நின்ன அத்தனை பேருக்கும் கேட்டிருக்குது. அந்த ஊட்டுல இருக்கப்போறது நானு."

நாச்சம்மாள் சொன்ன அந்த வாக்கியத்தை நான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்திருக்கலாம். பேடை அவள் நீட்டவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு சொல்லாக, சத்தமே இல்லாமல் உதட்டை அசைத்துச் சொன்னேன். இவ்வளவு கஷ்டப்பட்டு நான் ஒரு வாக்கியம் பேசியது கிடையாது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவள் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு, அதையும் ஏற்றச் சொல்லிக் கம்ப்யூட்டரைக் காட்டினாள்.

"அம்மணி, சம்மந்தி ஊட்டுல பிரச்சினை ஆயிருமுங்க" என்றார் பழனிச்சாமி என்னிடம். "அந்தம்மா கோவிச்சுட்டு இவளை இங்கயே உட்டுட்டா நான் என்னங்க பண்ணுவேன்?"

சலீம் அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணு கேட்டா போடத்தான் வேணுங்க. கேசட்டு அந்தப் பொண்ணோடது."

மரகதமே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கட்டளை வரியின் முதல் பாதியை நான் அடித்தேன். மிச்சத்தை, தமிழ் டைப்ரைட்டரில் அடிக்கிற மாதிரியே, அவள் அடித்தாள். கறுப்புத் திரையில் அர்த்தமில்லாத இங்கிலீஷ் எழுத்துக்கள் வரிசையாக ஓடின. என்டரைத் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் நாச்சம்மாள் சொன்னது, கொம்பும் காலும் புள்ளியும் பிசகாமல், தமிழில் வந்து நின்றது.

6

சனிக்கிழமை விருந்தாளிகள் போன பிறகு நித்யாவுக்கு இந்தக் கதையை இதுவரை சொன்னேன். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். கேட்டுக்கொண்டே பலூனில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். பிறகு தானாகவே சொன்னாள்.

"அம்மா, நீ 'ஸ்நேக்ஸ் ரெடி'ன்னு கூப்பிட்டே. அதுக்குத்தான் சிரிச்சோம். அது பாம்பு."

நான் தின்பண்டம் என்று நினைத்துச் சொன்னது பாம்பு தயார் என்று ஆகியிருக்கிறது. நானும் சிரித்தேன். கொஞ்சம் வலிக்கவும் செய்தது. ஆனால் தெரியாமல் இருந்ததைவிட அது எவ்வளவோ தேவலாம்.

"அப்புறம் மரகதம் ஆன்ட்டி என்ன பண்ணினாங்க?" என்று கேட்டாள்.

7

கேசட்டைச் சம்மந்தி வீட்டில் போட்டுக் காட்டத் தனியாகப் போகப் பழனிச்சாமிக்குப் பயம். எங்களையும் வரச் சொல்லிக் கெஞ்சினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் சலீம் அண்ணனும் கேசட் ஓட்டும் வாடகை டெக்கை மடியில் வைத்துக்கொண்டு பல்லடம் வழியாகத் தாராபுரம் பஸ்ஸில் போனோம். மாப்பிள்ளை வீட்டில் ஆசாரம் என்கிற முன்கூடம் பெரியது. பாய் விரித்துச் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாச்சம்மாள் டிவிக்கு நேர் எதிரே ஒரு நாற்காலியில்.

பெயர் சுழன்று வந்து நின்றதும் ஒரே கைதட்டல். "தமிழ்ல வருது பாருங்க!" என்றார் ஒருவர். பேச்சுகள் அடியில் ஓட ஓடச் சிரிப்பு கிளம்பியது. இலை பத்தாததற்குச் சிரித்தார்கள், மாப்பிள்ளை வேர்த்ததற்குச் சிரித்தார்கள். மரகதமும் அவர்கள் சிரித்த அதே நேரத்தில் சிரித்தாள். பக்கத்தில் யாரையும் பார்த்து, எதற்கு என்று கேட்கவில்லை. ஈஸ்வரன் டிவியைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நாச்சம்மாளின் வரி வந்தது. மஞ்சள் எழுத்தில், தெளிவாக. ஆசாரம் அடங்கிப்போனது. அடுத்ததாக 'நல்லா இரு கண்ணு' வந்தது. அதை யாரும் படித்த மாதிரித் தெரியவில்லை. பழனிச்சாமி தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"ஆரு இதை எழுதுனது?" என்றார் நாச்சம்மாள்.

எல்லார் கண்ணும் என்மேல் திரும்பியது. நான் வாய் திறப்பதற்குள் மரகதம் எழுந்து தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

நாச்சம்மாள் ஈஸ்வரன் பக்கம் திரும்பினார். "ஏண்டா, உம் பொண்டாட்டி என்ன..."

"அவகிட்டயே கேளுங்கத்தை" என்றார் ஈஸ்வரன். சத்தம் போடவில்லை. "மூஞ்சியைப் பாத்துச் சொன்னாப் புரிஞ்சுக்குவா."

நாச்சம்மாள் விருட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டார். கேசட் தன் பாட்டுக்கு ஓடி முடிந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. கிளம்பிவிடலாமா என்று சலீம் அண்ணன் கண்ணால் கேட்டார். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள்.

சாப்பாட்டுக்கு நாச்சம்மாளும் வந்து உட்கார்ந்தார், எனக்கு எதிர் வரிசையில். மரகதம் பருப்பு ஊற்றிக்கொண்டே போனாள். நாச்சம்மாள் ஒரு வாய் வைத்தார். முகம் சுளித்தது. "ஏ, புள்ளை" என்று கூப்பிட்டார். மரகதத்தின் முதுகுதான் அவர் பக்கம் இருந்தது. அவள் போய்க்கொண்டே இருந்தாள். பக்கத்தில் இருந்த பெண், "நான் சொல்லட்டுங்களா?" என்று எழப் போனாள். நாச்சம்மாள் கையமர்த்தினார். எச்சில் கையோடு இலையை விட்டு எழுந்து, வரிசையைச் சுற்றிக்கொண்டு போய், மரகதத்தின் முன்னால் நின்றார்.

"பருப்புல உப்பு எங்க?" என்றார், ஒவ்வொரு சொல்லாக, வாயை அகலத் திறந்து. "ஆரு ஆக்குனது? நீயா?"

மரகதம் தலையாட்டினாள்.

"உங்கொம்மா உப்புப் போடச் சொல்லித் தரலையா? அரிசி கொழையுது, ரசம் தண்ணியாட்ட இருக்குது, எலை போட்டு இத்தனை நேரமாச்சு, இன்னும் நெய் வரலை. இப்பிடிப் பந்தி வெச்சா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

பழனிச்சாமி பாதி எழுந்துவிட்டார். ஈஸ்வரன் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

நாச்சம்மாள் நிறுத்தவில்லை. மோருக்கு வந்தார், பாயசத்துக்கு வந்தார், சேலைக் கட்டுக்குக்கூட வந்தார். மரகதம் பருப்பு வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல், அந்தத் திட்டு முழுவதையும் முகம் மலரப் பார்த்துக்கொண்டு நின்றாள்.